பேரீச்சை, நட்ஸ் உருண்டை: ஒரு தடவை உதிருது, மறு தடவை ஒட்டுது. எங்கே தப்பு?

மாடித்தோட்டம்:

பேரீச்சம்பழமும் நட்ஸும் சேர்த்து அடுப்பில்லாமல் பிடிக்கிற உருண்டை, அதாங்க எனர்ஜி பால்ஸ், ரெண்டு தடவை செஞ்சு ரெண்டும் ரெண்டு விதமாகக் கெட்டது.

முதல் தடவை இணையத்தில் பார்த்த அளவு: 12 பேரீச்சை, 1 கப் பாதாம். பழம் மளிகைக் கடையில் கிடைக்கிற விதை எடுத்த பாக்கெட். அடிச்சதும் புட்டு மாவு மாதிரி உதிர்ந்துச்சு. பிடிக்க வரலைன்னு 3 மேசைக்கரண்டி வெந்நீர், 2 மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டேன். உருண்டை வந்துச்சு, ஆனா டிபன் பாக்ஸில் மதியத்துக்குள்ள தட்டையாகி அடியில் எண்ணெய் நின்னுது. வெளியே வெச்ச மீதியில் நாலாம் நாள் புளிச்ச வாடை.

ரெண்டாம் தடவை குளிர்பெட்டியில் வெச்சு விக்கிற மெத்துன்னு இருக்கிற கறுப்புப் பேரீச்சை 25, அதே 1 கப் பாதாம். இந்தத் தடவை ஜாம். கையை விட்டு வரவே இல்லை. நடுவுல மிக்ஸி சூடாகி நின்னே போச்சு.

சரியான அளவு என்ன? மிக்ஸியில் எப்படி அடிக்கணும்? ஒரு வாரமாவது கெடாம இருக்க என்ன செய்யணும்? வீட்டில் 3 வயசுக் குழந்தையும் சர்க்கரை நோய் உள்ள மாமனாரும் இருக்காங்க, அவங்களுக்குத் தரலாமா?

---

கிராம்கணக்கு:

முதல் தப்பு பழத்தை எண்ணிப் போட்டதுதான். அந்தக் குறிப்பை எழுதினவங்க கையில் இருந்தது மெட்ஜூல்ங்கிற பெரிய ரகப் பேரீச்சை. விதை நீக்கின ஒரு மெட்ஜூல் 24 கிராம் வரும், 12 போட்டால் கிட்டத்தட்ட 290 கிராம். நம்ம பாக்கெட் பழம் ஒண்ணு 7, 8 கிராம்தான். 12 சேர்ந்தாலும் 100 கிராம் தொடாது. 1 கப் பாதாம் 140 கிராம். அவங்க பழத்தை நட்ஸைப் போல ரெண்டு மடங்கு போட்டிருக்காங்க, நீங்க நட்ஸை விடக் குறைச்சலாகப் போட்டிருக்கீங்க. உதிராம என்ன செய்யும்?

அடுத்த தப்பு தண்ணீர். உருண்டையைப் பிடிச்சு நிறுத்துறது பேரீச்சையில் இருக்கிற குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். அந்தச் சர்க்கரை பழத்தின் ஈரத்தைக் கட்டிப்போட்டு வெச்சிருக்கிறதால்தான் பேரீச்சை மாதக்கணக்கில் கெடாம இருக்கு. நீங்க ஊத்தின 3 கரண்டி வெந்நீர் அந்தக் கட்டைத் தளர்த்திடுச்சு. ஈஸ்ட்டுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? நாலாம் நாள் வாடை அதுதான்.

மூணாவது தேங்காய் எண்ணெய். இது குளிர் நாட்டு யோசனை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், அங்கே அது உருண்டையை இறுக்கிப் பிடிக்கும். சென்னையில் மார்கழி விடியற்காலை தவிர மத்த நேரமெல்லாம் அது ஓடுற எண்ணெய்தான். விட்டதெல்லாம் பாக்ஸ் அடிக்கு வந்திடும்.

தராசு வெச்சு இப்படிப் போடுங்க: விதை நீக்கின பேரீச்சை 200 கிராம், பாதாம் 75, முந்திரி 75, பூசணி விதை 30, உலர் தேங்காய்த் துருவல் 25, உப்பு ரெண்டு சிட்டிகை, ஏலக்காய்த் தூள் அரை டீஸ்பூன். பழம் ஒரு பங்குன்னா உலர்ந்த பொருள் எல்லாம் சேர்ந்து ஒரு பங்கு. 18 கிராம் உருண்டையாக 22 வரும். 18 கிராம்னா 15 மி.லி. மேசைக்கரண்டி தலை தட்டி ஒண்ணு, 3 செ.மீ. விட்டம். உப்பை விட்டுடாதீங்க, அது இல்லைன்னா வெறும் தித்திப்புதான் நாக்கில் நிக்கும்.

இந்த 1:1 சாதாரண பாக்கெட் பழத்துக்கும் மெட்ஜூலுக்கும் சரி. உங்க ரெண்டாவது தடவை கறுப்புப் பழத்தில் ஈரமே மூணில் ஒரு பங்கு இருக்கும், அதனால்தான் அதைக் குளிர்பெட்டியில் வெச்சு விக்கிறாங்க. அதுக்கு 200 கிராம் பழத்துக்கு 250 கிராம் உலர் பொருள் வேணும். கூடுதல் 45 கிராமையும் நட்ஸாகவே போட்டால் எண்ணெய்ப் பசை ஏறும், செலவும் ஏறும். பொட்டுக்கடலையை நைசாகப் பொடிச்சுச் சலிச்சுப் போடுங்க, ஈரத்தை நல்லா இழுக்கும். வறுத்த ஓட்ஸ் பொடியும் ஆகும். எது போட்டாலும் கலந்து 15 நிமிஷம் மூடி வெச்ச பிறகுதான் பதம் பார்க்கணும். உடனே பார்த்தால் இன்னும் ஒட்டுற மாதிரிதான் தெரியும், மேலும் மேலும் மாவு போட்டு, கடைசியில் வாயை அடைக்கிற உருண்டையாகிடும்.

நேர்மாறாகப் பழம் காஞ்சு தோல் வெறைச்சிருந்தால், இட்லிப் பானையில் 3 நிமிஷம் ஆவி காட்டி, தட்டில் பரப்பி ஃபேன் காத்தில் அரை மணி நேரம் ஆற விடுங்க. தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம். ஊற வெச்ச பழத்தில் செஞ்சது ஃபிரிட்ஜிலேயே 3, 4 நாள்தான்.

நட்ஸை வறுத்தே போடுங்க. சிறு தீயில் அடிகனமான வாணலியில் பாதாம் 7, 8 நிமிஷம், முந்திரி 4, 5 நிமிஷம், பூசணி விதை படபடன்னு வெடிச்சு உப்புற வரைக்கும். அடுப்பே கூடாதுன்னா பச்சையாகவும் போடலாம், மணம் பாதிதான் இருக்கும். முக்கியமானது ஆற விடுறது. கைக்குச் சூடு தெரியாம இருக்கணும், அரை மணி நேரமாவது ஆகும். சூட்டோட அடிச்சால் நட்ஸ் சீக்கிரம் எண்ணெய் விடும். ராத்திரி ஊற வெச்சுத் தோல் உரிச்ச பாதாமை இதில் போடாதீங்க. ஊற வைக்கிறது நல்ல பழக்கம்தான், ஆனா உருண்டைக்குள்ள அது தண்ணீர்.

பதம் பார்க்கிற விதம்: ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்துங்க. விரலைப் பிரிச்சால் வில்லையாக ஒரே விரலில் நிக்கணும், ஓரம் வெடிக்கக் கூடாது. ரெண்டு விரலிலும் இழுபட்டால் ஈரம் அதிகம், உடைஞ்சு கொட்டினால் பழம் போதலை. விரலில் விளக்கெண்ணெய் தடவின மாதிரி பளபளப்பு நின்னால் நட்ஸ் அதிகம் அரைஞ்சிருக்கு. இந்த மூணாவதைச் சரி செய்றதுதான் கஷ்டம். பொட்டுக்கடலை மாவு 2 கரண்டி சேர்த்து, அரை மணி ஃபிரிட்ஜில் வெச்சு, உடனே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டியதுதான்.

பிடிக்கும்போது நேரா உருட்டாதீங்க. முதல்ல உள்ளங்கையில் வெச்சு ரெண்டு மூணு தடவை இறுக்கி அமுக்கணும், கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி. அப்புறம் உருட்டணும். அமுக்காம உருட்டினால் மேலே வழவழன்னு இருக்கும், உள்ளே காத்து இருக்கும், கடிச்சதும் பொலபொலன்னு விழும். கையில் தண்ணீர் தொடாதீங்க, ஒரு சொட்டு நெய் போதும்.

---

ஜார்மூடி:

மிக்ஸி பக்கம் நான் சொல்றேன். நின்னு போனது ரிப்பேர் இல்லை, ஓவர்லோடு கட். பிளக்கைப் பிடுங்கி, 15 நிமிஷம் ஆற விட்டு, மிக்ஸியைத் தூக்கிப் பாருங்க. அடியில் சின்னதாகச் சிவப்பு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் ஓடும்.

நிக்கிறதுக்குக் காரணம், பேரீச்சை கத்திக்கு அடியில் போய்க் களிமண் மாதிரி அடைச்சுக்கும். மேல இருக்கிறது சுத்தாது, கத்தி மட்டும் இழுக்கும். அப்போ எல்லாரும் செய்ற காரியம் தண்ணீர் விடுறது. அது எங்கே போய் முடியும்னு மேலே சொல்லிட்டாங்க.

சட்னி ஜாரில் முதல்ல நட்ஸ். குமிழை இடப்பக்கம் விப்பருக்குத் திருப்பி 1 செகண்ட், விடணும், மறுபடி 1 செகண்ட். நாலஞ்சு தடவை போதும். ரவையும் பருப்பு நொறுக்கும் கலந்த பதம். 1, 2, 3 நம்பரில் வெச்சு ஓட விட்டால் அரை நிமிஷத்தில் ஓரத்தில் பசை ஏறும், அது நட்ஸ் பட்டர் ஆகத் தொடங்குறதுக்கு அடையாளம். நட்ஸைத் தட்டில் கொட்டிட்டு 3 கரண்டிப் பொடியை மட்டும் ஜாரிலேயே விட்டு வைங்க.

பேரீச்சையைக் கத்தரிக்கோலால் மூணு நாலு துண்டாக வெட்டி அந்தப் பொடியில் பிரட்டுங்க. ஒட்டுற முகம் எல்லாம் பொடி மூடிக்கும், அடியில் அடைக்காது. ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல போடாதீங்க, ஜார் பாதிக்கு மேல நிறையக் கூடாது. விப்பரில் அஞ்சாறு தடவை, நடுவில் ஒரு தடவை கரண்டியால் கிளறல். பழம் நைசாக வேண்டியதில்லை. அங்கங்கே துணுக்கு இருந்தால்தான் உருண்டைக்கு உடம்பு இருக்கும். மீதிக் கலவையைத் தாம்பாளத்தில் கையால் பிசைஞ்சிடுங்க, மிக்ஸியே வேண்டாம்.

விதை எடுத்ததுன்னு பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஒவ்வொண்ணையும் விரலால் நசுக்கிப் பார்த்துப் போடுங்க. கிலோவுக்கு ஒண்ணு ரெண்டு விதை எப்படியும் தப்பி வரும். கத்தி மொண்ணை ஆகுறது கூடப் பரவாயில்லை, பல் போகும்.

கழுவ: வெந்நீர் ஊத்தி 10 நிமிஷம் ஊற விட்டால் தானா கரையும். ஜாரைக் கவிழ்த்து முக்கி வைக்காதீங்க, அடி பேரிங்கில் தண்ணீர் போகும்.

---

கச்சான்கடை:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். மிக்ஸி இல்லாதவை உரலிலே இடியுங்கோ, இன்னும் திறமாய் வரும். கறுத்த எள்ளை வறுத்து இனிப்போடை இடிச்சு, எள்ளு தன்ரை எண்ணெயை விட்டு இறுகிற நேரம் உருண்டை பிடிக்கிறது எங்கடை பழைய முறைதானே. பாகு காய்ச்சுறதில்லை. அதே வேலையைப் பேரீச்சையோடை செய்யலாம். எள்ளு 100 கிராம், பேரீச்சை 120 கிராம், சுக்குத் தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. எள்ளை முதலிலை அரைவாசி இடிபட விடுங்கோ, பிறகு பழத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்ப் போட்டு இடியுங்கோ. உலக்கையிலை ஒட்டாமல் ஒரு கட்டியாய்த் திரண்டு வந்தால் சரி.

கஜு (முந்திரி), பாதாம் விலைக்குக் கட்டாது என்றால் வறுத்த கச்சான் (நிலக்கடலை) தாராளமாய்ப் போதும். ஆனால் தோலை ஊதிப் போட்டு, சுருங்கினது, கறுத்தது, கசக்கிறது எல்லாத்தையும் பொறுக்கி எறியுங்கோ. பூஞ்சணம் பிடிச்ச கச்சானிலை வாற நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது. கச்சானிலை எண்ணெய் கூட, அதாலை கரடுமுரடாய் நிப்பாட்டுங்கோ.

பிளம்ஸ் (உலர்திராட்சை) போட விருப்பமென்றால் பேரீச்சையின்ரை காற்பங்குக்கு மேலே வேண்டாம். அது தனியப் பிடிச்சு நிக்காது, புளிப்பும் கூடிப்போம்.

---

கிராம்கணக்கு:

கச்சான்கடை சொன்ன எள் அளவு அருமை. உலர்திராட்சை மாதிரி மத்த உலர்பழங்களையும் சொல்லிடறேன். அத்திப்பழம் போடலாம், பேரீச்சையில் பாதி அளவு வரைக்கும். காம்பு ஓரம் கட்டையாக இருக்கும், அதை வெட்டிடணும். கயிற்றில் கோர்த்து மாலையாக விக்கிற பழமானால் நடுவில் நார் சிக்கியிருக்கும், பிரிச்சுப் பாருங்க. ஆப்ரிகாட் பளிச்சுன்னு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் கந்தக டையாக்சைடு காட்டினது. பாக்கெட்டில் அதோட எண்ணை ஐஎன்எஸ் 220ன்னு போட்டிருப்பாங்க. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஒத்துக்காது. பழுப்பாக, அழகில்லாம இருக்கிறதுதான் காட்டாதது. கடையில் கிடைக்கிற உலர் கிரான்பெரி பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறினது. டூட்டி ஃப்ரூட்டி உலர்பழமே இல்லை, பப்பாளிக்காயைச் சர்க்கரையில் ஊற வெச்சுச் சாயம் போட்டது. கலராக இருக்குன்னு இதில் சேர்க்கிறவங்களைப் பார்த்தால் கை பரபரக்குது!

கெடாம இருக்கிற கணக்கு: தண்ணீர் சேர்க்காத உருண்டை, காத்துப் புகாத டப்பாவில், ஈரமான ஊரில் வெளியே 1 வாரம், ஃபிரிட்ஜில் 3 வாரம், ஃப்ரீசரில் 3 மாசம். வால்நட் அல்லது பொடிச்ச ஆளி விதை போட்டால் வெளியே வைக்காதீங்க. அதுகளோட எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், முதல்ல கெடுறது பழம் இல்லை, அதுதான். பச்சைத் தேங்காய்த் துருவல் மறுநாளே கெடும், உலர்ந்த துருவல் மட்டும். டப்பாவில் ஒரே அடுக்கு. ரெண்டாவது அடுக்கு வேணும்னா நடுவில் பட்டர் பேப்பர். பிடிச்சதும் அரை மணி ஃபிரிட்ஜில் வெச்சு இறுக விட்டு அப்புறம் அடுக்கினால் தட்டையாகாது.

கோகோ பிடிச்சவங்களுக்கு: சர்க்கரை சேர்க்காத கோகோ 2 மேசைக்கரண்டி, அதே எடைக்குத் தேங்காய்த் துருவலைக் குறைங்க. பாலில் கலந்து குடிக்கிற சாக்லேட் பவுடர் வேற, அதில் பாதிக்கு மேல சர்க்கரைதான் இருக்கும்.

---

தட்டுக்கணக்கு:

குழந்தை, மாமனார் கேள்விக்கு.

3 வயசுக்கு நட்ஸ் துண்டு, முழு விதை எதுவும் இருக்கக் கூடாது. தொண்டையில் அடைக்கும் ஆபத்து 5 வயசு வரைக்குமே உண்டு. குழந்தைக்கான பங்கை மட்டும் தனியாக நைசாக அரைச்சு, உருண்டையாகத் தராம வில்லையாகத் தட்டி, விரல் நகம் அளவுத் துண்டாக்கி, உட்கார வெச்சுக் கொடுங்க. பல்லில் ஒட்டும், கையோட வாய் கொப்பளிக்க வைங்க. இதுவரைக்கும் சாப்பிடாத நட்ஸ் எதுவும் கலவையில் இருந்தால் முதல்ல அதைத் தனியாகக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்துட்டுச் செய்யணும். அஞ்சு வகையும் கலந்து கொடுத்துத் தடிப்பு வந்தால் எதனாலன்னு தெரியாது. சில பேர் பிடிமானத்துக்குத் தேன் விடுவாங்க. 1 வயசு ஆகாத குழந்தை இருக்கிற வீட்டில் அதுக்கு ஊட்டிடாதீங்க.

மாமனாருக்கு: இதைச் சுகர் ஃப்ரீன்னு சொல்லி விக்கிறாங்க, அது சரியில்லை. சர்க்கரை தனியாகச் சேர்க்கலை, அவ்வளவுதான். மேலே கொடுத்த 1:1 அளவில் ஒரு 18 கிராம் உருண்டையில் சுமார் 77 கலோரி, 6 கிராம் சர்க்கரை, 2 கிராம் புரதம், ஒன்றரை கிராம் நார்ச்சத்து. 2 உருண்டைன்னா 3 டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். நட்ஸின் கொழுப்பும் நாரும் அது ரத்தத்தில் ஏறுற வேகத்தைக் குறைக்கும்தான், ஆனா இல்லாம ஆக்காது. பிஸ்கட், முறுக்குக்குப் பதிலாக 1 உருண்டை வேற, அதோட கூட 1 உருண்டை வேற. சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சுக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் அவருக்கு எவ்வளவு ஏறுதுன்னு தெரிஞ்சிடும், டாக்டர்கிட்ட அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்க. சிறுநீரகப் பிரச்சினையும் இருந்தால் கேட்காம தர வேண்டாம், பேரீச்சையில் பொட்டாசியம் அதிகம்.

சர்க்கரையைக் குறைக்கணும்னா 12 கிராமாகப் பிடிங்க. பழத்தைக் குறைச்சால் உதிரும், அளவைக் குறைக்கிறதுதான் வழி.

---

மாடித்தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. எடை போட்டு 1:1 அளவில் செஞ்சேன், 21 வந்துச்சு. ஒட்டலை, மிக்ஸியும் நிக்கலை. டிபன் பாக்ஸில் மதியம் வரைக்கும் உருண்டையாகவே இருந்துச்சு.

ரெண்டு சந்தேகம். பழைய கறுப்புப் பேரீச்சைக் கலவை ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணம் இருக்கு, அதைத் தேத்த முடியுமா? அந்தப் பழத்திலேயே மீதி இருக்கிறதில் மேலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரியுது, பூஞ்சையா?

---

கிராம்கணக்கு:

கலவை நல்ல வாடையோட இருந்தால் தேத்தலாம், அடுப்பைப் பத்த வைக்கணும். வாணலியில் 1 டீஸ்பூன் நெய், கலவையைப் போட்டுச் சிறு தீயில் 4, 5 நிமிஷம் கிளறுங்க. ஈரம் போய் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும், அல்வா பதத்துக்கு ஒரு படி முன்னாடி. இறக்கி, 3 கரண்டி பொட்டுக்கடலை மாவு கலந்து, இளஞ்சூட்டில் பிடிச்சு எள்ளிலோ உலர் தேங்காயிலோ புரட்டிடுங்க.

வெள்ளைப் புள்ளிக்கு: ஒரு பழத்தை இளஞ்சூடான தண்ணீரில் போட்டு விரலால் தேய்ங்க. நறநறன்னு இருந்து கரைஞ்சு போனால் சர்க்கரை பூத்திருக்கு, ஃபிரிட்ஜில் இருக்கிற பழத்துக்கு இது சகஜம், தாராளமாகப் போடலாம். பஞ்சு மாதிரி மெத்துன்னு இருந்து, கரையாம, மக்கின வாடை அடிச்சால் பூஞ்சை, அந்தப் பெட்டியே வேண்டாம்.

வெளியே பார்த்ததோட நிறுத்தாதீங்க. விதை எடுக்கும்போது ஒவ்வொரு பழத்தையும் நீளவாக்கில் பிளந்து வெளிச்சத்தில் காட்டுங்க. விதை இருந்த பள்ளத்தில் கரிப்பொடி தூவின மாதிரி கறுப்பாக இருந்தால் அது பூஞ்சை. தவிட்டுத் தூள் மாதிரி இருந்தால் பூச்சியோட எச்சம். அப்படிப்பட்டதைக் கழுவிப் போடலாம்னு நினைக்காம அந்தப் பழத்தைத் தூக்கிப் போட்டுட்டு, அடுத்ததைப் பிளக்கிறதுக்கு முன்னாடி கத்தியையும் கையையும் துடைச்சிடுங்க.